ஜீப் சாஞ்சா கதவோட கீலும் கூடவே சாயணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

பிளஸ் டூ ரிசல்ட் சமயத்துல உங்க பேப்பரோட கல்வி இணைப்புல கேம் டெவலப்மென்ட் பத்தி அரைப் பக்கம் போட்டிருந்தீங்க, படிச்சேன். எந்த கோர்ஸ், எவ்ளோ சம்பளம், யூனிட்டி, அன்ரியல்னு சாஃப்ட்வேர் பேரு எல்லாம் வந்துருச்சு, கடைசில "கற்பனைத் திறன் இருந்தாலே போதும்"னு ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்ளோ பெரிய லெட்டர். கற்பனை எல்லாம் நம்ம பசங்ககிட்ட மூட்டை மூட்டையா இருக்குங்க, இல்லாதது வேற.

நான் சேலம் அம்மாபேட்டைல வீட்டு மாடி ரூம்ல உக்காந்து வெளியூர் ஆளுங்களுக்கு கேம்ல பிசிக்ஸ் பார்ட் மட்டும் செஞ்சு குடுக்கறவன். கதவு தொறக்கறது, ஊஞ்சல் ஆடறது, வண்டி சக்கரம் சுத்தறது, அடிபட்ட ஆளு மடங்கி விழறது, இதெல்லாம் எங்க வேலை. சாயங்காலம் கொஞ்சம் பசங்க வருவாங்க, தெரிஞ்சத சொல்லித் தருவேன். பாதி பேரு டவுன்ல ஏதோ ஒரு சென்டர்ல ஃபீஸ் கட்டி சர்டிஃபிகேட் வாங்கினவங்கதான், பேரெல்லாம் வேணாம். எல்லாருக்கும் ஒரே வியாதி. ஒரு கதவை கீல் போட்டு நிறுத்துடானா எக்ஸ் அச்சுல 90 டிகிரி திருப்பு போடறான், ஆகலன்னா மைனஸ் 90, அதுவும் ஆகலன்னா இசட்ல 180, எப்பயோ ஒரு தடவ கதவு ஒழுங்கா தொறந்துருது, "சார் வந்துருச்சு"ங்கறான். ஏன் வந்துச்சுனு கேட்டா முழிக்கறான். பையன் மேல தப்பே இல்லீங்க, அவனுக்கு சொல்லித்தந்தவங்களே அப்படித்தான் தடவி தடவி போடறாங்க.

எக்ஸ், ஒய், இசட்ங்கறது திசை காட்டற மூணு அச்சு, அதத்தான் ஆக்சிஸ்ங்கறாங்க. அதுல லோக்கல் ஆக்சிஸ், குளோபல் ஆக்சிஸ்னு ரெண்டு இருக்கு. இதுக்கு நம்ம ஊர்ல ஏற்காடு பஸ்ஸ விட நல்ல உதாரணம் கெடையாது. அடிவாரத்துலருந்து மேல ஏறறப்ப ஜன்னலோரம் உக்காந்தா பள்ளம் இடது கை பக்கம் தெரியும், ஒரு கொண்டை ஊசி வளைவு திரும்பினதும் அதே பள்ளம் வலது கைக்கு போயிரும், இப்படி 20 வளைவுக்கும் மாறிக்கிட்டே இருக்கும். ஆனா சேலம் ஊரு எங்கயும் போகல, எந்த வளைவுல நின்னு கேட்டாலும் அது தெக்கால பக்கம்தான். இடது கை, வலது கைங்கறது பஸ்ஸோட சேந்து திரும்பறது, அது லோக்கல். தெக்கு வடக்குங்கறது பஸ் எப்படி திரும்பினாலும் அசையாது, அது குளோபல், சில பேரு வேர்ல்டுன்னு சொல்லுவாங்க. இவ்ளோதான் விஷயம், ஆனா இத கேமுக்குள்ள கொண்டுபோய் ஒரு ஜாயிண்ட்ல, அதாவது ரெண்டு பொருள சேக்கற மூட்டுல, வெக்கறப்பதான் தலை சுத்தும்.

எங்கிட்ட வர்ற ரெண்டு பசங்க சேந்து ஒரு கேம் பண்றாங்க, ஏற்காடு எஸ்டேட்லருந்து காப்பி மூட்டை ஏத்திக்கிட்டு ஜீப்ப கீழ எறக்கணும், மூட்டை விழுந்தா மார்க் போச்சு. நல்ல ஐடியா, ரோடு கூட அழகா பண்ணிருக்கானுங்க, ஓரத்துல சில்வர் ஓக் மரம், அதுல மிளகுக் கொடி எல்லாம் ஏத்தி விட்டிருக்கானுங்க. யூனிட்டில பண்றாங்க. ஜீப்போட டிரைவர் பக்கத்துக் கதவுக்கு ஹின்ஜ் ஜாயிண்ட், அதாவது கீல், போட்டாச்சு. யூனிட்டில அந்த ஜாயிண்ட போட்ட உடனே அச்சு (எக்ஸ், ஒய், இசட் வரிசையில) 1, 0, 0ன்னு இருக்கும், அதாவது எக்ஸ். ஜீப்புக்கு எக்ஸ்ங்கறது குறுக்கால, வலது கை பக்கம். பக்கவாட்டுக் கதவுக்கு அது கதவுப் பலகைய துளைச்சுக்கிட்டு போற திசை. அதனால பிளே அமுக்கினதும் கதவு தொறக்காம, முன் பக்கத்து விளிம்ப மட்டும் புடிச்சுக்கிட்டு பின் பக்கம் அப்படியே கீழ விழுந்து தொங்குது. சரி, மேல் நோக்கி இருக்கறது ஒய்தானேன்னு 0, 1, 0 போட்டான். இப்ப கதவு மேலயும் கீழயும் மடங்குது. பையன் அழாத குறை.

என்ன ஆச்சுன்னா, கதவ அவன் பிளெண்டர்ங்கற 3டி மாடல் செய்யற சாஃப்ட்வேர்ல செஞ்சு எஃப்பிஎக்ஸ் ஃபைலா யூனிட்டிக்கு கொண்டுவந்தான். பிளெண்டர்ல மேல் திசை இசட், யூனிட்டில ஒய். இந்த வித்தியாசத்த சரிக்கட்டறதுக்காக உள்ள வர்றப்பவே கதவுக்கு எக்ஸ்ல ஒரு திருப்பு விழுந்துருது. இன்ஸ்பெக்டர்ல, அதாவது யூனிட்டி நம்பரெல்லாம் காட்டற பலகத்துல, பாத்தீங்கன்னா மைனஸ் 90ன்னு கூட இருக்காது, மைனஸ் 89.98ன்னு நிக்கும், அந்த நம்பரப் பாத்தாலே எங்க ஆளுங்களுக்கு பிளெண்டர் வாசனை அடிச்சுரும். கண்ணுக்கு கதவு நேராத்தான் நிக்குது, ஆனா கதவோட சொந்த இசட் இப்ப வானத்த பாக்குது, சொந்த ஒய் ஜீப்போட பின் பக்கத்த பாக்குது. ஹின்ஜோட அச்சுங்கறது கதவோட சொந்தக் கணக்குலதான் எழுதணும். ஆக இந்தக் கதவுக்கு 0, 0, 1 தான் சரி. எடிட்டர்ல கதவு மேல காட்டற அம்புக்குறிய ஒரு தடவ லோக்கல்ல வெச்சு பாத்திருந்தா, இசட்டுக்கான நீல அம்பு மேல பாக்குதேன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும்.

இதோட முடிஞ்சிருந்தா நான் லெட்டர் எழுதிருக்க மாட்டேன். இன்னொரு பையன் கொஞ்சம் விவரமானவன், நம்பர கையால போடறதே வம்புன்னு கோடுல (புரோகிராம்ல) எழுதிட்டான்: வேர்ல்டோட மேல் திசைய எடு, கதவோட லோக்கல் கணக்குக்கு மாத்து, அத அச்சா போடு. இன்வர்ஸ் டிரான்ஸ்ஃபார்ம் டைரக்‌ஷன்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அதுக்குள்ள "வெக்டர்3 அப்", அதாவது வேர்ல்டோட மேல் திசை. மாடல் எப்படி திரும்பி வந்தாலும் இது சமாளிச்சுரும், உண்மையிலயே நல்ல யோசனை. கீழ சமதரையில ஜீப் வந்து நிக்கறப்ப கதவு ஜம்முனு தொறந்துச்சு. அந்த ஜீப்ப ஓட்டிக்கிட்டு மலை மேல போனாலும் நல்லாத்தான் இருந்துச்சு, ஏன்னா ஜாயிண்ட் ஒரு தடவ அமைஞ்சுட்டா அந்த அச்சு ஜீப்போடயே கூட வரும். ஆனா கேம்ல பாதில விட்ட எடத்துலருந்து ஆரம்பிச்சா ஜீப் சரிவு ரோட்டுலயே பொறக்குது பாருங்க, அப்ப மட்டும் கதவு தொறந்தா அதோட ஒரு மூலை ஜீப் பாடிக்குள்ள சொருகிக்குது. ஒரு நேரம் சரி, ஒரு நேரம் தப்பு. இந்த மாதிரி பக் தான் ஆள கொல்லும்.

காரணம் என்னன்னா சரிவுல ஜீப் மூக்க தூக்கிக்கிட்டு நிக்குது, கீல் அடிச்ச தூணும் அதோட சேந்து பின்னால சாஞ்சிருக்கு. கோடு என்ன பண்ணுது, பூமிக்கு செங்குத்தா ஒரு அச்ச போடுது. தூணு ஒரு பக்கம், அச்சு ஒரு பக்கம். கதவுக்கு வேண்டியது உலகத்தோட மேல் இல்ல, ஜீப்போட மேல். "வெக்டர்3 அப்"ங்கறத தூக்கிட்டு அந்த எடத்துல ஜீப்போட மேல் திசையான "டிரான்ஸ்ஃபார்ம் அப்"ங்கறத வெச்சதும் தீந்துச்சு. அந்த பையன்கிட்ட நான் கேட்டது ஒரே கேள்விதான், "யாரோட மேல்டா அது?" எக்ஸா ஒய்யாங்கறது அப்புறம், எந்த ஜாயிண்ட் போடறப்பவும் மொதல்ல இதத்தான் கேக்கணும்.

இன்னொன்னு சொல்றேன், மலையில வண்டி ஓட்டினவங்களுக்கு தெரியும். மேடு ஏறி நிக்கற வண்டில முன் கீல் வெச்ச கதவ தொறந்து விட்டா தானா சாத்திக்க பாக்கும், காலால அண்டை குடுத்துக்கிட்டு எறங்கணும். எறக்கத்துல மூக்கு கீழ பாத்து நிக்கறப்ப தொறந்தா கை நழுவி டப்புனு முழுசா முன்னால ஓடிரும். இது எதனாலன்னா கீல் சாஞ்சிருக்கறதால. சாஞ்ச கீல்ல கதவோட எடை கீழ எறங்கற பக்கமா பாத்து கதவ சுத்தி விடுது. அச்சு பூமிக்கு நேர் செங்குத்தா இருந்தா ஈர்ப்பு விசையால அத சுத்தவே முடியாது, விட்ட எடத்துல அப்படியே நிக்கும். பசங்களோட பழைய கோடுல சரிவுலயே பொறந்த ஜீப்போட கதவு அப்படித்தான் செத்த மாதிரி நின்னுச்சு, ஆனா சமதரையிலயும் கதவு அப்படி நிக்கறது சரிதான்ங்கறதால யாருக்கும் சந்தேகமே வரல. அச்ச மாத்தினதும் ஒரு வரி கூட எக்ஸ்ட்ரா எழுதாம, மேட்டுல கதவு தானா சாத்துது, எறக்கத்துல தானா ஓடுது. பையன் மூஞ்சிய பாக்கணும் நீங்க.

இதுல கவனிக்க வேண்டியது, குளோபல்னாலே தப்புன்னு இல்ல. ஈர்ப்பு விசை எப்பவும் குளோபல்தான், யூனிட்டில ஒய்ல மைனஸ் 9.81ன்னு இருக்கும், ஜீப் கவுந்தாலும் அது மாறாது. அதே ஜீப் முன்னாடி எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து கட்டி விட்டிருக்கானுங்க (நம்ம ஊரு கேம்ல அது இல்லாம வண்டியா), அதோட முடிச்சு பம்பர்ல, அதாவது ஜீப்போட லோக்கல்ல ஒரு புள்ளி, ஜீப் போற எடத்துக்கெல்லாம் போகும். ஆனா அது தொங்கறது பூமிய பாத்து. சரிவுல பம்பர் சாயும், சரடு சாயாது. கட்டின எடம் லோக்கல், இழுக்கறது குளோபல், ரெண்டும் ஒரே பொருள்ல. எத எந்தக் கணக்குல எழுதணும்னு பிரிச்சு பாக்கறதுதான் இந்த வேலையோட பாதி.

அப்புறம் அந்த பட்டன். எடிட்டர்ல மேல லோக்கல், குளோபல்னு மாத்தற ஒரு பட்டன் இருக்கும். யூனிட்டில எக்ஸ் கீ, கோடோல (Godot, யூனிட்டி மாதிரியே இன்னொரு கேம் சாஃப்ட்வேர்) டி கீ. அத குளோபல்ல வெச்சுட்டா ஜாயிண்டும் குளோபலா வேலை செய்யும்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க நெறைய பேரு. ஐயா, அது நீங்க கையால நகத்தறதுக்கு காட்டற அம்பு எந்தப் பக்கம் பாக்கணும்ங்கறதுக்கு மட்டும்தான். பிசிக்ஸுக்கு அது தெரியவே தெரியாது. இத ஒரு சென்டர்லயும் ஒரு வார்த்தை சொல்றதில்ல.

சாஃப்ட்வேருக்கு சாஃப்ட்வேர் சட்டம் வேற. யூனிட்டில ஒய் மேல, இசட் முன்னால. அன்ரியல்ல இசட் மேல, எக்ஸ் முன்னால. கோடோல ஒய் மேல, முன்னாலங்கறது மைனஸ் இசட். கோடோல ஹின்ஜ் ஒரு தனி நோடு (சீன்ல வெக்கற ஒரு உறுப்பு), அச்ச நம்பரா எழுத வேண்டியதில்ல, அந்த நோடோட சொந்த இசட் தான் கீல், அதனால நோட புடிச்சு திருப்பி இசட்ட கீல் கம்பியோட ஒட்ட வெச்சா போதும். ஆனா அதே கோடோல நேரா சறுக்கற ஸ்லைடர் ஜாயிண்டுக்கு நோடோட எக்ஸ். ரோப்ளாக்ஸ்னு இன்னொன்னு, அதுல ஹின்ஜுக்கு அட்டாச்மென்ட்டோட, அதாவது ஜாயிண்ட் ஒட்டற புள்ளியோட, எக்ஸ். இத மனப்பாடம் பண்ண வேணாம், ஆனா புது எஞ்சின், அதாவது கேம் சாஃப்ட்வேர், தொறந்தா மொதல்ல தேட வேண்டியது இதுதான்னு தெரிஞ்சிருக்கணும். சுத்தற திசைக்கும் கை இருக்கு: யூனிட்டி இடது கை, கோடோவும் பிளெண்டரும் வலது கை. கட்டை விரல அச்சு பக்கம் நீட்டினா மத்த விரல் மடங்கற பக்கம்தான் பிளஸ். யூனிட்டில வெளிய தொறந்த கதவு, அதே நம்பர கோடோல போட்டா டிரைவர் மடியில தொறக்கலாம்.

மனுஷன் உடம்புக்கு போனா இன்னும் மோசம். முழங்கால் ஒரு பக்கம்தான் மடங்கணும், இடுப்பும் தோளும் பல பக்கம் திரும்பணும். யூனிட்டில கான்ஃபிகரபிள் ஜாயிண்ட்னு ஒன்னு, அதுல அச்சு ஒன்னு, ரெண்டாவது அச்சு ஒன்னுன்னு ரெண்டு நாம குடுக்கணும், மூணாவத அதுவே ரெண்டுக்கும் செங்குத்தா எடுத்துக்கும். இதுல நாம குடுத்த மொத அச்சத்தான் அது எக்ஸ்னு சொல்லும், அதுக்கு மட்டும்தான் கீழ் எல்லை, மேல் எல்லைன்னு தனித்தனியா குடுக்க முடியும், ஒய்க்கும் இசட்டுக்கும் ரெண்டு பக்கமும் ஒரே அளவு. அதனால முழங்கால் மடங்கற அச்ச எக்ஸா வெச்சே ஆகணும், ஏன்னா அது பின்னால 130 மடங்கணும், முன்னால 0தான். இத தெரியாம ஒய்ல வெச்சா கொக்கு மாதிரி முன்னாலயும் மடங்கற ஆளு கெடைப்பான். மூட்டு எந்தக் கோணத்துக்கு திரும்பணும்னு சொல்ல டார்கெட் ரொட்டேஷன்னு ஒரு எடம் இருக்கு, அதுல போடற கோணம் எலும்போட லோக்கல் கணக்கும் இல்ல, வேர்ல்டும் இல்ல, நாம குடுத்த அந்த ரெண்டு அச்சுலருந்து உண்டாகற ஜாயிண்டோட தனிக் கணக்கு. மூணாவது ஒரு உலகம் இருக்குன்னு தெரியாமயே கோர்ஸ் முடிச்சு வந்துடறாங்க.

ஜாயிண்ட எதோட சேக்கணும்னு சொல்ற கனெக்டட் பாடிங்கற எடத்த காலியா விட்டா கதவு ஜீப்போட சேராது, வேர்ல்டோட சேந்துக்கும், ஜீப் கெளம்பி போயிரும், கதவு மட்டும் நடுரோட்டுல அந்தரத்துல நிக்கும். கோடோலயும் இதே கதைதான். யூனிட்டில இன்னொன்னு, ஆரம்பிக்கறப்ப கதவு எப்படி இருக்கோ அதுதான் 0 டிகிரி. சீன்ல கதவ பாதி தொறந்து வெச்சுட்டு எல்லைய செட் பண்ணா எல்லாம் அந்த பாதிலருந்து எண்ணும். ஜீப்போட ஸ்கேல (அளவ) ஒரு பக்கம் மட்டும் இழுத்து நீட்டி வெச்சுட்டு அதுக்குள்ள திரும்பின கதவ போட்டா கதவே கோணிக்கும், பிளெண்டர்லயே கன்ட்ரோல் ஏ போட்டு ஸ்கேல அப்ளை பண்ணிட்டு வர்றது நல்லது.

இதெல்லாம் யூடியூப்ல இருக்கேன்னு சொல்லுவாங்க. இருக்கு, நான் மறுக்கல. ஆனா பத்து நிமிஷ வீடியோல அவன் கதவுக்கு அவன் போட்ட நம்பர்தான் தெரியும், நம்ம பையன் கதவு வேற பக்கம் பாத்து வந்திருக்கும், அதே நம்பர போட்டுட்டு ஏன் வரலைன்னு உக்காந்திருப்பான். பதினொன்னாம் கிளாஸ் பிசிக்ஸ்ல திண்மப்பொருள் இயக்கம்னு பாடமே இருக்குங்க, திருப்பு விசை, வெக்டர் பெருக்கல், வலது கை விதி எல்லாம் அதுல வருது. அந்த பாடத்துல நல்ல மார்க் வாங்கின பையன் தான் எங்கிட்ட வந்து 90, மைனஸ் 90ன்னு தடவறான். பரீட்சைல எழுதினதும் கேம்ல கதவு தொறக்கறதும் ஒன்னுதான்னு அவனுக்கு யாரும் முடிச்சு போட்டு விடல. எனக்கு இதுல கோவமே வருது, ஏன்னா நம்ம ஊரு கைவேலை ஊரு. செவ்வாப்பேட்டை பக்கம் வெள்ளிக் கொலுசுக்கு திருகாணி வெக்கறவரு, அம்மாபேட்டைல தறி பூட்டறவரு, இவங்க வீட்டுப் பசங்களுக்கு எது எதோட சேந்து சுத்தும்னு கண்ணுலயே ஒரு கணக்கு இருக்கு. அத ஸ்கிரீனுக்கு மாத்தற ஒரு பாலம்தான் இல்ல.

அதனால ஐயா, அடுத்த கல்வி இணைப்புல சம்பள பட்டியலுக்கு பதிலா ஒரு கால் பக்கம் இதுக்கு ஒதுக்குங்க. பெருசா ஒன்னும் வேணாம், நேரா நிக்கற ஒரு ஜீப், சரிவுல நிக்கற ஒரு ஜீப், ரெண்டுக்கும் கதவு மேல மூணு அம்பு போட்ட படம், அது போதும். கோர்ஸ் சேர்ற அப்பா அம்மாவுக்கும் ஒரு வரி போடுங்க: பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்த சென்டர்ல போயி, "வண்டி சாஞ்சு நிக்கறப்ப கதவு சரியா தொறக்கற மாதிரி ஒன்னு செஞ்சு காட்டுங்க"ன்னு கேளுங்க. செஞ்சு காட்டி, ஏன் அப்படின்னும் சொன்னாங்கன்னா தாராளமா சேத்து விடலாம். லேப்டாப் பழசா இருக்குன்னு கவலைப்படறவங்களுக்கு கோடோ ஃப்ரீதான், சின்ன டவுன்லோடு, கீல் போட்டு பழகறதுக்கு அதுவே தாராளம்.

லெட்டர் நீளமாயிருச்சு, எடம் பத்தலன்னா எங்க வேணாலும் வெட்டிக்குங்க, அந்த எறக்கத்துல கதவு ஓடற பாராவ மட்டும் விட்டு வைங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பர தெனமும் வாங்கற வாசகன் ஒருத்தன்,
அம்மாபேட்டை, சேலம்.